மெட்டமைத்தவர் பெயர்

காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது மீராமுகைதீன் மரைக்கார் கிணற்றடியில் நிற்பார். தண்ணீர் தேவையா இல்லையா என்பதெல்லாம் பேச்சில்லை. வாளியை இறக்குவார், இழுப்பார், தொட்டியில் ஊற்றுவார், மறுபடியும் இறக்குவார். கப்பிக்கு எண்ணெய் விடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அது போடும் கிறீச்சுச் சத்தத்தில், இரண்டு வளவு தள்ளி நானூறு பிள்ளைகள் வரிசையில் நின்று பாடும் பாடசாலைக் கீதம் பாதியாவது காதில் விழாமல் போகும். மீதிப் பாதி விழத்தான் செய்யும். “கடல் ஓயாத கரையிலே ஒரு வீடு” என்று தொடங்கும் அந்தப் பாட்டு, மூன்றாவது வரியில் மேலே ஏறப் போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று இறங்கும். இறங்கிய இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக மூச்செடுப்பார்கள். அந்த மூச்சு வரும்போது வாளி கிணற்றுக்குள்ளேயே நின்றுவிடும். எட்டு வருடமாக அப்படித்தான். தொட்டி வழிந்து வழிந்து கிணற்றடி வாழைகள் கன்றுக்கு மேல் கன்றாகப் பெருகிவிட்டன. மனைவி சபூறா குசினிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அது 1986ஆம் ஆண்டு, ஜூலை மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட கையோடு அதிபர் சாலிஹ் வீட்டுக்கு வந்தார். மரைக்காரின் மூத்த மகன் காலிதீனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், பின்னர் ஒரே பள்ளிக்கூடத்தில் அவனோடு ஆசிரியராக இருந்தவர். அந்தக் கீதத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவர்தான். காலிதீன் போனபிறகு இந்த வீட்டுக்குள் வரும்போது அவர் கதிரையின் நுனியில்தான் இருப்பார்.

“மாமா, பொன்விழா மலர் அச்சுக்குப் போகப்போகுது. முதல் பக்கத்தில கீதம் வருது. பாட்டு எழுதினது சாலிஹெண்டு போடுறாங்க. அதுக்குக் கீழ, மெட்டமைத்தவர் எண்டு ஒரு இடம் இரிக்கி.”

“ஒண்டும் போடாதீங்க.”

“இடத்த வெறுமையா விட்டா ஆக்கள் கேப்பாங்க மாமா. வீட்டுக்காரர் கையெழுத்து வெச்சா காலிதீன்ட பேர். இல்லாட்டி ‘பழைய கிராமிய மெட்டு’ எண்டு போடுறதாம். குழுவில முடிவு எடுத்திட்டாங்க.”

“அப்படியே போடுங்க. அதுல என்ன குத்தம்?”

சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார். “அச்சில வந்தா அதுதான் மறுகா சரித்திரம். நாளைக்கு எண்ட புள்ளைகள் கேட்டா, இது ஆரோ கிழவன்மார் பாடின மெட்டெண்டு நானே செல்லிக் குடுக்கணும். அவன் எண்ட பக்கத்தில இரிந்து மேசையில தட்டித் தட்டிப் போட்ட மெட்டு மாமா.” கையெழுத்துக்கான கடதாசியை மேசையில் வைத்து, அதன்மேல் வெற்றிலைத் தட்டத்தைப் பாரமாக ஏற்றிவிட்டு எழுந்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள செல்லி அனுப்புங்க.”

அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனதும் சபூறா கதவு நிலையில் வந்து நின்றாள். எட்டு வருடமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

“மையவாடியில அவன்ட கபுறுக்கு நட்ட மீசான் கட்டையும் இத்துப் போச்சாம். எந்த இடமெண்டு நான் கண்டதில்ல. உங்களுக்காவது தெரியுமோ தெரியா. ஒரு கடதாசியில எண்ட புள்ளட பேர் வந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சி போகும்?”

“பேர் வந்தா, பள்ளிவாசல்ல செல்லின சொல்ல முறிச்சவனெண்டும் வரும். ஊர் மறந்திட்டெண்டு நினைக்கிறியா நீ?”

“ஊர் மறந்தாலும் நீங்க மறக்க விடமாட்டீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மரைக்கார் என்பது அவருக்குச் சும்மா ஒட்டிக்கொண்ட பெயரல்ல. இந்தக் கரையில் தாய்வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் உண்டு. குடியின் சொல் அவருடைய சொல். தாய்மாமன் மௌத்தான பிறகு அந்த இடம் அவருக்கு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன சொல் ஒன்றைத் திருப்பி வாங்கியதாக யாரும் காட்ட முடியாது. வயலில் வாய்க்கால் தகராறு என்றாலும், தலாக் என்றாலும், “மீராமுகைதீன் மரைக்கார் நிண்டவரா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற ஊர்க்காரர்கூடக் கதைப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன், 1977இல், மகள் றுகையாவுக்குச் சம்மாந்துறையில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பதுதான் இங்குள்ள வழமை. ஆகவே தங்கள் பிள்ளை போய் இருக்கப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று துருவி விசாரிக்கும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்டு. அவர்கள் விசாரித்தார்கள். பெண்ணின் காக்கா, மூத்தவன் காலிதீன், காரைதீவில் நல்லரெத்தினம் என்ற சங்கீத மாஸ்டரின் வீட்டில் ஆர்மோனியப் பெட்டியும் கையுமாகக் கிடக்கிறானாம் என்று தெரியவந்தது. “மரைக்கார்ர வீடெண்டு வந்தம், கூத்துக்காரன்ட வீடா?” என்று கேட்டு அனுப்பினார்கள். அந்தச் சொல் மரைக்காரின் முதுகுத்தண்டில் போய்த் தைத்தது. அன்றே காரைதீவுக்குப் போய், நல்லரெத்தினம் மாஸ்டரின் படலைக்கு வெளியே நின்று, எண்ட புள்ளையக் கெடுத்தவன் நீ என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்துக்கு முன்னால் மகனை எழுப்பி நிறுத்தினார். இனிமேல் ஆர்மோனியத்தைத் தொடமாட்டேன் என்று காலிதீன் சொன்னான். அவனுக்கு இருபத்துமூன்று வயது. குரல் நடுங்கவில்லை. “இவன் செல்லினதுக்கு நான் பிணை” என்று மரைக்காரும் எழுந்து நின்றார். பள்ளிவாசல் கொப்பியில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். றுகையாவின் கல்யாணம் நடந்தது. அவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

மறு வருடம் நவம்பர் நான்காம் தேதி பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. முன்வரிசையில் மரைக்காருக்குப் பூப்போட்ட உறை போட்ட கதிரை. பிள்ளைகள் புதுக் கீதத்தைப் பாடினார்கள். அவருக்குப் பாட்டு என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் அந்த மூன்றாவது வரி இறங்கியபோது அவரையறியாமல் அவரும் மூச்செடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்த சாலிஹ், பெருமை பொறுக்கமாட்டாமல், காதுக்குள் குனிந்து சொன்னார்: “காலிதீன்ட மெட்டு மாமா. போன மாசம் போட்டது.”

போன மாதம். மரைக்கார் அதற்குமேல் யோசிக்கவில்லை. கலப்பை இல்லாமல் வயல் உழுபடாது. பெட்டி இல்லாமல் மெட்டு வராது. அப்படியானால் தொட்டிருக்கிறான். ஜமாஅத்துக்கு முன் எழுந்து நின்ற வாப்பாவைப் பொய்யனாக்கியிருக்கிறான். அன்றிலிருந்து மகனோடு அவர் கதைக்கவில்லை. ஒருநாள் மாலை காலிதீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “வாப்பா, ஒரு விசயம் செல்லணும்” என்றான். மரைக்கார் கையை உயர்த்தி நிறுத்தினார். அவ்வளவுதான். விழா முடிந்த பத்தொன்பதாம் நாள் சூறாவளி வந்தது. ஓலைக் குடிசைகளில் இருந்த அயல் சனங்களை ஓட்டு வீட்டுக்குக் கொண்டுவரப் போனவன், மூன்றாவது தடவை போகும்போது தென்னை விழுந்து செத்துப்போனான். இருபத்துநான்கு வயது. ஊரெல்லாம் மரமும் கூரையும் புரண்டு கிடந்த அந்த நாளில் அவனுக்காக ஆற அமர இருந்து அழவும் ஆட்கள் இல்லை.

அவன் போட்ட மெட்டுகள் மட்டும் ஊரில் திரிந்தன. கல்யாணத்துக்குக் களிகம்பு அடிக்கிறவர்கள் வட்டமாகச் சுற்றும்போது அதில் ஒன்று வரும். தறியில் இருக்கும் பெண்கள் முணுமுணுப்பதில் ஒன்று வரும். குறி சுடாமல் விட்ட மாடுகள் கண்ட வயலிலும் மேய்வது மாதிரி, யாருடையது என்று கேள்வியில்லாமல் அவை எங்கும் மேய்ந்தன. மரைக்காருக்குக் கேட்கும்போதெல்லாம் தெரியும். தெரியாதவர் மாதிரி நடந்து போவார்.

புதன்கிழமை முழுவதும் கடதாசி வெற்றிலைத் தட்டத்தின் கீழே கிடந்தது. வியாழக்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்து, அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெள்ளைச் சாரன், தொப்பி, தோளில் சால்வை. குடையையும் எடுத்துக்கொண்டு காரைதீவுப் பக்கம் நடந்தார். போன வருடம் சித்திரையில் இரண்டு ஊருக்கும் இடையில், தமிழர் முஸ்லிம் கலவரத்தில், நடக்கக் கூடாததெல்லாம் நடந்துபோனபிறகு அவர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. இப்போது வாகனங்கள் ஓடின. மீன்காரரும் புடைவைக்காரரும் போய்வந்தார்கள். ஆனாலும் எல்லை தாண்டியதும் ஆட்கள் ஒருவரையொருவர் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர் முதுகை நிமிர்த்தி நடந்தார். அவருடைய மனதில் இருந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். அந்த மெட்டு மாஸ்டருடையதாக இருக்க வேண்டும். என்னுடையதுதான் மரைக்கார், பொடியன் பெயருக்குச் சொல்லிக்கொண்டான் என்று அந்த மனிசன் சொல்லிவிட்டால் போதும். காலிதீன் சொல் முறிக்காதவன் ஆகிவிடுவான். மெட்டுப் போனால் போகட்டும். மகனின் பெயரைக் காப்பாற்ற மகனின் பாட்டை விட்டுக்கொடுக்கத் தயாராகப் போனார்.

நல்லரெத்தினம் மாஸ்டர் முற்றத்து நாவல் மரத்தின் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்தார். முன்பு பார்த்ததைவிடப் பாதி ஆளாகிவிட்டார். இடது கை மடியில் வேறொருவருடையது போலக் கிடந்தது. பாரிசவாதம் என்று யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம். மரைக்கார் படலைக்கு வெளியே நின்று குடையைச் சுருக்கினார்.

“அண்டைக்கும் அங்கதான் நிண்ட நீங்க,” என்றார் மாஸ்டர். “அதே இடம். அடிச்சுவடும் கிடக்குமாக்கும், தேடிப் பாருங்க.”

“ஒரு விசயம் கேக்க வந்த நான். கேட்டுப்போட்டுப் போறன்.”

“நிண்டுகொண்டு கேட்டா நானும் நிண்டுகொண்டு மறுமொழி சொல்லணும். எனக்கு நிக்க ஏலாது. உள்ளுக்கு வந்து இரிங்க மரைக்கார். மனிசி கோயிலுக்குப் போயிட்டா, தேத்தண்ணி கிடையாது. அந்தப் பயம் வேணாம்.”

மரைக்கார் வந்து வாங்கில் இருந்தார். குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டார்.

“எங்கட பள்ளிக்கூடத்துக் கீதம். அந்த மெட்டு உங்கட மெட்டுத்தானே?”

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. “எனக்கு அப்படியொரு மெட்டு வந்திருந்தா நான் ஏன் முப்பது வருசமா ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் குடுத்துக்கொண்டு கிடக்கன்?”

வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் மரைக்கார் எழும்பவில்லை.

“அப்ப எண்ட மவன் இஞ்ச வந்து பெட்டி வாசிச்சிரிக்கான். சத்தியம் பண்ணின பிறகும்.”

“வந்தவன். வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்தவன். வாசிக்கல்ல.”

“பெட்டி இல்லாம மெட்டு எங்கால வரும் மாஸ்டர்? நான் ஒண்டும் தெரியாதவனெண்டு நினைச்சிக் கதைக்காதீங்க.”

“பெட்டியிலயா மெட்டு இருக்குது? அப்ப நான் கடையில நாலு பெட்டி வாங்கியிருப்பனே.” மாஸ்டர் வலது கையால் நெற்றியைத் தட்டிக் காட்டினார். “இஞ்சதான் இருந்தது அவனுக்கு. நீங்க இப்ப இரிக்கிற வாங்கில, கையக் கட்டிக்கொண்டு இருப்பான். வாயால பாடுவான். நான் வாசிப்பன். ‘சேர் அது இல்ல, அரைக் கட்டை கீழ’ எண்டுவான். எனக்குப் படிச்சுத் தரான் எண்டு கோவம் வரும். உங்கட கீதத்தில மூண்டாவது வரி, அதுல சண்டையே பிடிச்ச நாங்க. ஆரும் அந்த இடத்தில ஏறுவான். நீ என்னத்துக்கு இறங்குறாய் எண்டு கேட்டன். ‘சின்னப் புள்ளைகள் சேர். ஏறினா நல்லாப் பாடுற நாலு பேர் ஏறுவாங்க, மத்தவன் வாய மூடிருவான். இறங்கினா எல்லாரும் ஒண்டா மூச்செடுக்கலாம்’ எண்டான்.”

மரைக்கார் குடையை வாங்கில் சாய்த்து வைத்தார். மாஸ்டர் தொடர்ந்தார்.

“ஒருநாள் காத்துக்குக் கடதாசி பறந்து போய்ப் பெட்டிக்கு மேல விழுந்திட்டுது. நான் குசினிக்குள்ள நிக்கன். அவன் அத எடுக்கல்ல. ‘சேர், வந்து எடுங்க’ எண்டு கூப்பிடுறான். எனக்கு விசர் வந்திட்டு. மடையா, ஆருடா இஞ்ச பார்க்கிற, எடன் எண்டு கத்தினன். ‘ஆரும் பார்க்கல்ல சேர். பள்ளியில எனக்காக வாப்பா எழும்பி நிண்டவர்’ எண்டான். அதுக்குப் பிறகு நான் கேக்கல்ல.”

நாவல் மரத்தில் காகம் ஒன்று கத்திவிட்டுப் போனது. மரைக்கார் வாங்கின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொல்ல வந்தது இவ்வளவுதான். ‘தொடல்ல வாப்பா’ என்ற இரண்டு சொல். இரண்டு சொல்லுக்குரிய நேரத்தை அவர் கொடுக்கவில்லை. ஊரில் எத்தனை பேருடைய நியாயத்தைப் பொறுமையாக இருந்து கேட்டிருக்கிறார்! மாடு திருடியவனுக்குக்கூட, நீ சொல்வதைச் சொல்லிமுடி என்று தண்ணீர் கொடுத்து இருத்திக் கேட்டிருக்கிறார். அவனுடைய முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. உயர்த்திய தன் கைதான் வந்தது.

“எழுதி வெச்சது ஏதும் இரிக்கா?” என்று கேட்டார்.

“உள்ள மேசையில நீலக் கொப்பி. எடுத்து வாங்க. பெட்டியும் அங்கதான். நீங்க தொடமாட்டீங்க, கொப்பிய மட்டும் கொண்டு வாங்க.”

மரைக்கார் எழுந்து உள்ளே போனார். கொப்பியின் பக்கங்களில் காலிதீனின் சாய்ந்த கையெழுத்து. தமிழ் எழுத்துத்தான். ஆனால் சொல் இல்லை. ச, ரி, க, ம என்று எழுத்துகள் தனித்தனியாக, சிலவற்றின் தலையில் புள்ளி, சிலவற்றின் கீழே கோடு. முப்பத்தேழு மெட்டு. ஒவ்வொன்றுக்கும் தேதி. அவர் வாசலில் நின்றபடியே புரட்டினார். மகனின் கையெழுத்தை வாசிக்கத் தெரியாத தகப்பனாக நின்றார். கடைசிப் பக்கத்தில் 16.11.78 என்று இருந்தது. விரலை மடித்து எண்ணினார். அவர் கதைக்காமல் விட்ட பன்னிரண்டாம் நாள்.

“இது என்ன பாட்டு?”

“அதுக்குப் பாட்டு இல்ல. சொல் எழுதிக் குடுக்க ஆள் தேடிக்கொண்டு நிண்டவன். அதுக்குள்ள போயிட்டான். இதுவரைக்கும் ஆருக்கும் வாசிச்சுக் காட்டல்ல நான்.”

“வாசிங்க.” தன் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மரைக்காரே திடுக்கிட்டார்.

மாஸ்டர் மடியில் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் கிடத்தினார். “வலக்கைக்குக் கட்டை. இடக்கைக்குத் துருத்தி. காத்துப் போகாட்டி பெட்டி கத்தாது. மனிசிதான் எனக்குத் துருத்தி போடுறவ. அவ வர விளக்கு வெச்சிரும். அதுக்குள்ள உங்கட மஃரிபுக்கு நேரமாயிரும். இன்னொரு நாளைக்கு வாங்க மரைக்கார்.”

இன்னொரு நாள் என்று ஒன்று இல்லை என்பது மரைக்காருக்குத் தெரியும். நாளை வெள்ளிக்கிழமை. அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து வாங்கின்மேல் வைத்தார். உள்ளே போய் ஆர்மோனியப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். நெல்மூட்டை தூக்கிய உடம்பு, பாரம் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டருக்கு முன்னால் ஒரு முக்காலியில் அதை வைத்து, பக்கத்தில் மணலில் குந்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“எங்க பிடிக்கிற?”

மாஸ்டர் காட்டினார். முதல் இழுப்பில் பெட்டி கன்றுபிரிந்த பசு போலக் கத்தியது.

“மெல்ல, மெல்ல! நெல்லுப் பொலி தூத்துற மாதிரி அடிக்காதீங்க மனிசன். உறங்குற புள்ளைக்கு விசிறுற மாதிரிப் போடுங்க.”

மரைக்கார் கையைத் தளர்த்தினார். காற்று சீராகப் போனது. மாஸ்டரின் வலது கை விரல்கள் கொப்பியைப் பார்த்துப் பார்த்து நடந்தன. சொல் இல்லாத மெட்டு. முதலில் ஒரே இடத்தில் நின்று நின்று யோசித்தது. பிறகு ஒரு படி ஏறி, ஏறினது பிழையோ என்று திரும்பிப் பார்த்தது. மரைக்காருக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. தன் கையின் அசைவுக்குத்தான் அது வெளியே வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. கை நின்றால் அது அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

படலைக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. அவருடைய ஜமாஅத்துக்காரன், முகம்மது தம்பி, மிஞ்சின மீனை விற்றுத் தீர்க்க வந்தவன். ஜும்ஆவில் அவருக்கு மூன்று வரிசை பின்னால் தொழுகிறவன். வாய் ஒலிபெருக்கி. படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தவன், மணலில் குந்தியிருக்கும் தொப்பியையும் வெள்ளைச் சாரனையும் கண்டான். பிறகு முகத்தைக் கண்டான். மரைக்காரும் அவனைக் கண்டார். இனிக் கையெழுத்து வைக்க வேண்டிய கடதாசி மடித்தபடி சட்டைப் பைக்குள் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. மாஸ்டர் பக்கத்தைப் புரட்டச் சொல்லித் தலையை ஆட்டினார். மரைக்கார் மற்றக் கையால் புரட்டினார். துருத்தி போட்ட கை நிற்கவில்லை.

முகம்மது தம்பி ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றான். மீன்காரக் குழலின் ரப்பர்ப் பந்து அவனுடைய உள்ளங்கைக்குள் இருந்தது. அவன் அதை அமுக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, சொட்டுச் சொட்டாக, தெருமணலில் ஒரு சின்னக் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது.